பத்து மணிக்கு மேல் தண்ணீர்

கீழ்வேளூருக்குக் கிழக்கே புங்கங்குடி என்று ஒரு ஊர். காவிரி குடகில் புறப்பட்டு, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாற்றில் வளைந்து, வழியில் இருக்கிற அத்தனை பேருடைய தேவையும் தீர்ந்த பிறகு, மிச்சம் இருந்தால் போனால் போகிறதென்று எட்டிப் பார்க்கிற கடைசி ஊர்களில் அதுவும் ஒன்று. கடைமடை என்பார்கள். மேடையில் மைக்கைப் பிடித்தவுடன் ‘கடைமடை வரை தண்ணீர்’ என்று முழங்குகிறார்களே, அந்தக் கடைமடைதான் இது. பேச்சு வந்து சேர்கிற வேகத்தில் தண்ணீரும் வந்து சேர்ந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

செம்மொழியின் அப்பா தங்கையன் இந்த ஊரில் பிறர் நிலத்தில் நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்துக் கொடுத்த குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகத் தன் பெயரில் பட்டா வாங்கியவரும் அவரே. விற்றவர் பெரிய மனசுக்காரர். வாய்க்கால் மூச்சு வாங்கி உட்கார்ந்து விடுகிற இடத்துக்கும் அப்பால், தனக்கே தண்ணீர் லேசில் ஏறாத மேட்டுத் துண்டாகப் பார்த்துத் தேடி எடுத்து விற்றார். தங்கையன் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். மூத்த பெண்ணுக்குச் செம்மொழி, அடுத்த பையனுக்குச் செழியன் என்று பெயர் வைத்தார். பெண்ணைப் படிப்புக்கும் பையனை வயலுக்குமாகப் பிரித்தனுப்பினார். இரண்டில் எது கடினமான பாடம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த ஊரில் இருவர் சந்தித்தால் ஒருவர் “வந்துருச்சா?” என்பார். மற்றவர் “வரல” என்பார். எது வந்துவிட்டதா, எது வரவில்லை என்று இருவரும் சொல்வதில்லை. தண்ணீர்தான் இல்லை, அந்த வார்த்தையையாவது மிச்சம் பிடிப்போம் என்கிற சிக்கனம். இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த செம்மொழி, இரண்டு வார்த்தை தேவைப்படுகிற இடத்தில் ஒன்றைச் சொல்லி, ஒன்று தேவைப்படுகிற இடத்தில் தலையை ஆட்டுகிற பெண்ணாக வளர்ந்தாள். அப்படிப்பட்டவள் பொறியியல் படித்து, மேற்படிப்பில் தகவலைச் சுருக்கும் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

என்ட்ரோபி கோடிங் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தினமும் எடுக்கிற டம்ளரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, பொங்கலுக்கு ஒருமுறை இறக்குகிற வெண்கலப் பானையைப் பரணில் போடுகிறோம் அல்லவா, அவ்வளவுதான் விஷயம். அடிக்கடி வருகிற செய்திக்குக் குட்டையான குறி, அபூர்வமாக வருகிற செய்திக்கு நீளமான குறி. குறி என்பது பூஜ்யமும் ஒன்றும் கலந்த வரிசை. இப்படிக் கொடுத்தால் மொத்தத்தில் இடம் மிச்சமாகும். ஹஃப்மன் முறை, அரித்மெட்டிக் முறை என்று இதில் பல வகை உண்டு. பின்னது இன்னும் கறார். தினமும் நடக்கிற காரியத்துக்கு ஒரு முழு பிட்கூடத் தர மாட்டேன் என்கிற ரகம்.

படிப்பு முடித்து, தஞ்சாவூருக்கு வெளியே நெல்வயலை மூடிக் கட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செம்மொழி இதைத்தான் நடத்தினாள். வகுப்பறையில் மட்டும் அவளுக்கு வாய் திறக்கும்.

“தமிழப் பாருங்க. வா, போ, தா, நீ. ஒரு நாளைக்கி ஆயிரம் தடவ சொல்றதெல்லாம் ஒத்த எழுத்து. ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள்’. எவ்வளவு நீளம்? எத்தன தடவ நடக்குது? மொழி தானாவே சுருக்கிக்குது.”

பின் வரிசையிலிருந்து ஒரு கை உயரும். அறிவுப் பசியால் உயர்ந்த கை என்று அவள் முதல் வருடம் ஏமாந்தாள்.

“மேடம், இது ரெண்டு மார்க்கா, பதினாறு மார்க்கா?”

பெண் பார்க்க வந்தபோது ராம்கியின் அம்மா என்ன பாடம் நடத்துகிறாய் என்று கேட்டார். “எதையும் சுருக்கிச் சொல்றது” என்றாள் செம்மொழி. அந்த அம்மாள் அடுத்த கேள்வியே கேட்காமல் தட்டை மாற்றிவிட்டார். அவருடைய மகன் ராம்கி கீழவாசலில் மொபைல் கடை வைத்திருப்பவன். செல்போனைப் பழுது பார்க்கிற நேரத்தைவிட அது எப்படிப் பழுதானது என்று வாடிக்கையாளருக்கு விளக்குகிற நேரம் அதிகம். இருவர் பேச்சையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சாதாரண மனிதர்கள் இருவர் கிடைப்பார்கள். குடித்தனம் நன்றாகவே நடந்தது.

பிறகு கல்லூரியில் காலம் மாறியது. மின்னணுத் துறையில் சேர ஆள் இல்லை என்று பலகையை இறக்கி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, ‘செயற்கை நுண்ணறிவுத் துறை’ என்று மாட்டினார்கள். கட்டடம் அதே கட்டடம், மின்விசிறி அதே மின்விசிறி. செயற்கை நுண்ணறிவு உள்ளே வந்துவிட்டதால் செம்மொழியிடம் இருந்த இயற்கையானது உபரியாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அப்போதுதான் நௌஷாத் கூப்பிட்டார். நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் சின்ன கம்பெனி நடத்துபவர். ஆள் நல்லவர்; நல்லவராகவே இருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகிறவர். வாய்க்கால்களில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று தானாக அளந்து தஞ்சாவூரில் இருக்கிற திரைக்கு அனுப்பும் பெட்டிகளைச் செய்யும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. தலைமதகிலிருந்து கடைமடை வரை பெட்டிகள். அதற்கென்று ஒரு திட்டப் பிரிவு, பிரிவுக்கு ஒரு இயக்குநர், இயக்குநருக்கு ஒரு ஜீப்.

பெட்டி செய்வது பெரிய காரியம் இல்லை. சிக்கல் எங்கே என்றால், தண்ணீரைப் போலவே செல்போன் சிக்னலும் கடைமடைக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேரும்; கையில் இருக்கிற போனுக்குப் போதும், பேட்டரிப் பெட்டிக்குப் போதாது. புங்கங்குடியில் வைக்கிற பெட்டியால் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சின்னப் பொட்டலம்தான் அனுப்ப முடியும். அதுவும் நூற்று அறுபது பிட். கால்மணிக்கொரு தரம் அளந்தால் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு அளவு. இத்தனையையும் அந்தப் பொட்டலத்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கத் தெரிந்தவள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள்.

செம்மொழி பழைய வருடங்களின் அளவுகளை எல்லாம் வாங்கிப் பார்த்தாள். வாய்க்காலின் நிலையை ஐந்தாகப் பிரித்தாள். வரல, ஈரம், கணுக்கால், முழங்கால், முழுசா. திரையில் தமிழில் தெரிய வேண்டும் என்பது ஆணை. ஆனால் தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பினால் கம்ப்யூட்டர் கணக்கில் ஆங்கிலத்தைப் போல மூன்று மடங்கு பருமன். ‘செம்மொழி’ என்ற பெயருக்கே இருபத்து நான்கு பைட் வேண்டும், பெட்டியின் பொட்டலமே இருபது பைட்தான். அதனால் குறி மட்டும் பயணம் செய்யும், தமிழ் தஞ்சாவூரிலேயே தயாராகக் காத்திருக்கும்.

புங்கங்குடியில் எது அடிக்கடி வரும் என்று கண்டுபிடிக்க அவளுக்குப் பழைய அளவுகள் தேவையே இல்லை. இருந்தாலும் கணக்குப் போட்டாள். ‘வரல’வுக்கு 0. ஈரத்துக்கு 10. அப்படியே இறங்கி, கடைசியில் ‘முழுசா’வுக்கு 1111. வறண்ட நாளில் தொண்ணூற்றாறு ‘வரல’வும் பொட்டலத்துக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும், இடமும் மீதி இருக்கும். நிறையத் தண்ணீர் வருகிற அதிசய நாளில் மட்டும் கூடுதலாக ஒன்றிரண்டு பொட்டலம் அனுப்பலாம், பேட்டரி தாங்கும். தினமும் அப்படி அனுப்பினால் தாங்காது. ஆனால் தினமும் தண்ணீர் வரப்போவதில்லையே. கணக்கு அழகாக இருந்தது. பெட்டிகளை வைத்தார்கள், திரை எரிந்தது, புங்கங்குடி என்ற பெயருக்கு நேரே ‘வரல’ ‘வரல’ என்று வரிசையாக விழுந்தது. பெட்டி சத்தியவானாக இருந்தது.

வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திட்ட இயக்குநர் ஐயாவு ஆய்வுக் கூட்டம் வைத்தார். தொடக்க விழா நெருங்கிக் கொண்டிருந்தது. மேலேயிருந்து பெரியவர்கள் வந்து திரையைப் பார்ப்பார்கள். ஐயாவுக்கு என்ட்ரோபி தெரியாது, ஆனால் அழைப்பிதழ் தெரியும். இருபத்தைந்து வருட சர்வீஸில் எத்தனை விழா நடத்தியிருப்பார். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரையில் யாருக்குப் பின்னால் யார், யாருடைய பெயர் எந்த அளவு எழுத்தில் என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு கவுன்சிலர் பெயர் ஒரு வரி கீழே போனதற்காக ராத்திரியோடு ராத்திரியாக இரண்டாயிரம் பத்திரிகையை மறுபடி அச்சடித்தவர். அந்தக் கண்ணோடுதான் செம்மொழியின் குறி அட்டவணையைப் பார்த்தார்.

“என்னம்மா இது, ‘வரல’ங்கிறத மொதல்ல போட்டுருக்கீங்க?”

“அதுதான் சார் அடிக்கடி வருது.”

“‘வரல’ வருதா?”

“தண்ணி வரல சார். ‘வரல’ங்கிற செய்திதான் வருது.”

ஐயாவு அதை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓடாததால் விட்டுவிட்டார்.

“சரி, ‘முழுசா’வ எதுக்குக் கடைசில தள்ளிருக்கீங்க? நாலு ஒண்ணு வேற வரிசையா நிக்குது.”

“அபூர்வமா வர்றதுக்கு நீளமான குறி சார். அப்பத்தான் மொத்தமா கொறையும்.”

அபூர்வமா என்ற வார்த்தை அந்த அறையில் விழுந்ததும் நௌஷாத் கண்ணை மூடிக்கொண்டார்.

“அபூர்வமா!” என்றார் ஐயாவு. “கடமடைக்கித் தண்ணி வர்றது அபூர்வம்னு எழுத்துல குடுத்துருக்கீங்க. நாளைக்கி எவனாவது தகவல் உரிமையில கேட்டான்னா நான் என்னம்மா பதில் சொல்றது? ‘வரல’வுக்கு மொத நாற்காலி, ‘முழுசா’வுக்குப் பந்தலுக்கு வெளில எடமா? மாத்துங்க. ‘முழுசா’வுக்கு அந்தப் பூஜ்யத்தக் குடுங்க. ‘வரல’வக் கடைசில கொண்டு போங்க. கண்ணுல படாம இருக்கட்டும்.”

செம்மொழி அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக நிறையவே பேசினாள். ‘வரல’ நீளமானால் பொட்டலத்தில் நாற்பதுதான் அடங்கும், காலை பத்து மணி வரைக்கும்தான் செய்தி வரும், மீதி நாள் போகும் என்று சொன்னாள். தினமும் கூடுதல் பொட்டலம் அனுப்பினால் ஒரே வாரத்தில் பேட்டரி படுத்துவிடும் என்றும் சொன்னாள்.

“அடங்குற வரைக்கும் அனுப்புங்க.”

“பாக்கிக் கட்டமெல்லாம் காலியா இருக்கும் சார்.”

காலி என்றதும் ஐயாவு நிமிர்ந்தார். அவர் ஆபீஸில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம்கூடக் காலியாக மேலே போனதில்லை. கட்டம் காலியாக இருந்தால் யாராவது எதையாவது எழுதிவிடுவான், ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்பது அவர் கற்ற கல்வி.

“காலியா விடாதீங்க. பூஜ்யம் போட்டு நெரப்புங்க.”

“சார், பூஜ்யம்னா இப்ப ‘முழுசா’ன்னு அர்த்தம்.”

“நல்ல வார்த்ததானம்மா?” என்றார் ஐயாவு.

நௌஷாத் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதிக்காத குறைதான். அந்தக் கம்பெனிக்கு அந்த ஒரு வேலைதான் இருந்தது. மாடியில் அவளையும் சேர்த்து ஆறு பேர் அதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். செம்மொழி தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். திரை என்பது விழாவுக்கு. திரையைப் பார்த்து மதகைத் திறக்கவும் மூடவும் இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்? வாய்க்காலை வாய்க்காலாகப் பார்க்க ஆள் இருக்கிறது. விழா முடிந்ததும் மாற்றிவிடலாம்.

“சரிங்க சார்” என்றாள்.

மாற்றியாகிவிட்டது. மறுநாளிலிருந்து திரையில் ஒரு அற்புதம் நிகழ்ந்தது. முதல் நாள் பொட்டலத்தை மறுநாள் அந்தந்த நேரத்துக்கு ஓட்டிக் காட்டுகிற திரை அது. புங்கங்குடியில் நடுராத்திரியிலிருந்து காலை பத்து மணி வரைக்கும் ‘வரல’. சரியாகப் பத்து மணிக்கு ‘முழுசா’. அரசு ஊழியர் ஆபீஸுக்கு வருகிறாரோ இல்லையோ, அந்த நேரத்துக்குக் காவிரி வந்து கையெழுத்துப் போட்டது. ஐயாவு பத்தரைக்கு வந்து தேநீரோடு திரையைப் பார்ப்பார். அவர் பார்த்த நேரமெல்லாம் கடைமடை கரை தொட்டு நின்றது. பதினோரு மணிக்கு மேல் திரையை எடுத்த படம் ஒன்று செய்திக்குறிப்பிலும் போனது.

செம்மொழி ஒரு விஷயத்தைத் தப்பாகக் கணக்கிட்டிருந்தாள். இந்த நாட்டில் கண்ணால் பார்க்கிற வாய்க்காலைவிடத் திரையில் பார்க்கிற வாய்க்காலுக்கு மதிப்பு ஏறி வெகு காலமாகிவிட்டது. கடைமடை முழுதாக நிரம்பிவிட்டது, இதற்கு மேல் விட்டால் கரை உடைந்துவிடும் என்று திரையைப் பார்த்து ஒருவர் முடிவு செய்தார். தலைமதகைத் திறந்து மூடுகிற ஊழியன் லஸ்கருக்குப் போன் போனது. அவன் ஷட்டரை இறக்கினான். புங்கங்குடி வாய்க்காலில் ஒழுகிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஈரமும் நின்றது.

அந்த வருடம் செழியன் நேரடி விதைப்புச் செய்திருந்தான். நாற்றங்கால் விட்டு நடுவதற்குத் தண்ணீர் போதாது என்பதால் புழுதி உழவு செய்து, சம்பா விதையைத் தெளித்துவிட்டு, ஆவணியில் பெய்த ஒரு மழையில் முளைக்க வைத்திருந்தான். தங்கையன் வாங்கிய அந்த மேட்டுத் துண்டில் பயிர் ஒரு விரல் உயரம் பச்சையாக நின்றது. இன்னும் ஒரு தண்ணீர் காட்டினால் போதும், பிழைத்துக்கொள்ளும். ஐப்பசி மழை வரும்வரைக்கும் தாக்குப்பிடிக்க வேண்டியதுதான்.

“அக்கா, வரல” என்றான் போனில்.

“ம்.”

“மேல எல்லா வாய்க்கால்லயும் போவுது. நமக்கு மட்டும் அடச்சிட்டானுவளாம். எதுக்குன்னு தெரியல. உனக்கு அந்த ஆபீஸ்ல ஆள் தெரியும்ல, கேட்டுச் சொல்லுக்கா.”

எதற்கென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. நௌஷாத்திடம் போனாள். பழைய அட்டவணைக்கு மாற்றிவிடலாம் சார், மதகை மூடிவிட்டார்கள் என்றாள். நௌஷாத்துக்கும் முகம் செத்துவிட்டது. நல்லவர்தான் என்று முன்பே சொல்லியாயிற்று.

“விழா முடியட்டும் மேடம். இன்னும் கொஞ்ச நாள்தான். இப்ப மாத்துனா திரையெல்லாம் ‘வரல’ன்னு வரும், நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிருவாங்க.”

விழா தள்ளிப்போனது. வரவேண்டியவருக்கு நாள் தோதுப்படவில்லை. மறுபடி தள்ளிப்போனது, பந்தல்காரர் மட்டும் தவறாமல் வந்து போனார். செழியன் தினமும் கூப்பிட்டான். தினமும் அந்த ஒரே வார்த்தையைச் சொன்னான். செம்மொழி தினமும் “கேட்டுருக்கேன்டா” என்றாள். அவமானமாக இருந்தது. அவமானத்தோடு சாப்பிட்டாள், அவமானத்தோடு கம்பெனிக்குப் போனாள், கடைசி வரைக்கும் கையை மட்டும் அசைக்கவில்லை.

புங்கங்குடிக்காரர்கள் கடைசியில் கும்பலாகத் தஞ்சாவூருக்கே வந்துவிட்டார்கள். ஐயாவு அவர்களை மரியாதையாக உட்கார வைத்து, தண்ணீர் பாட்டில் கொடுத்து, திரையைக் காட்டினார். நேரம் பதினொன்றரை. புங்கங்குடி கரை தொட்டு நின்றது.

“பாருங்கய்யா. ஒங்க ஊரு நெறஞ்சி வழியுது. மிஷின் பொய் சொல்லாது.”

செழியன் திரையைப் பார்த்தான். தன் வயலையும் ஒருதரம் மனசில் பார்த்துக்கொண்டான்.

“சார், நாங்க காலைலதான் அந்த வாய்க்கால்ல சைக்கிள தள்ளிக்கிட்டு வந்தோம்.”

“காலைல எத்தன மணிக்கி?”

“ஏழு.”

“ஏழு மணிக்கி ‘வரல’தான் காட்டுது. அத நாங்க மறைக்கலயே. பத்து மணிக்கி மேல வந்துருக்கு பாருங்க. நீங்க கெளம்புன பெறகு வந்துருக்கும்.”

ஊருக்குத் திரும்பினார்கள், பத்து மணிக்கு மேல் வந்த தண்ணீர் ஒன்றையும் காணோம். மறுநாள் நாகப்பட்டினம் சாலையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்துகள் நின்றன, காமிரா வந்தது, அதன் பிறகு ஐயாவுவின் ஜீப்பும் வந்தது. மிஷினைச் சோதிக்கப் போகிறோம் என்று செம்மொழியையும் நௌஷாத்தையும் பின் சீட்டில் ஏற்றி வந்திருந்தார்.

ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. தங்கையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நின்றார், மகள் ஜீப்பில் வருகிறாள் என்று கேள்விப்பட்டு. ஐயாவு பெட்டியைக் கிட்டத்தில் பார்ப்பதற்காக வாய்க்காலுக்குள் இறங்கினார். அடியில் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஷூவில் புழுதிதான் அப்பியது. நடு வாய்க்காலில் நின்றுகொண்டு போனை எடுத்துத் திரையைத் திறந்தார். முதல் நாள் பொட்டலம், பத்து மணிக்கு மேல் ‘முழுசா’. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நேற்று மதியம் அவர் நிற்கிற இடத்தில் ஆளுக்கு மேல் தண்ணீர்.

“சார் முங்கிட்டாரு, தூக்குங்கடா” என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். சாலையில் கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்திருந்த ஆட்கள் அன்றைக்குச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஐயாவு கரையேறினார். முகம் சிவந்திருந்தாலும் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. செம்மொழியைத் தனியாக ஜீப்புக்குப் பின்னால் அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“பிரச்சன இப்பப் புரியுதும்மா. அந்த ‘வரல’தான் எடத்த அடைக்குது. அத லிஸ்டுலேருந்தே எடுத்துருங்க. அப்ப நீளமே வராதுல்ல?”

‘வரல’வை எடுத்துவிட்டால் அந்த வாய்க்காலுக்கு மிஞ்சுவது ‘முழுசா’ ஒன்றுதான். பாடப்படி பார்த்தால் மனிதர் சொன்னது முழுக்கச் சரி. சொல்வதற்கு ஒரே ஒரு செய்திதான் உண்டு என்றால் அதை அனுப்பவே தேவையில்லை, என்ட்ரோபி பூஜ்யம். இதற்கு மேல் தகவலைச் சுருக்க உலகத்தில் எவனாலும் முடியாது. பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரர்கள் பல வருடம் தலையைப் பிய்த்துக்கொண்ட விஷயத்தை ஒரு இயக்குநர் ஜீப் நிழலில் நின்று முடித்துவிட்டார். செய்தியே இல்லாத ஊருக்குப் பெட்டி எதற்கு, ஆபீஸ் எதற்கு, இயக்குநர்தான் எதற்கு என்பதுவரை மட்டும் அவர் போகவில்லை.

“முடியாது சார்” என்றாள்.

நௌஷாத் இரும ஆரம்பித்தார்.

அவள் கூட்டத்துக்கு முன்னால் வந்தாள். பெட்டி பத்து மணி வரைக்கும்தான் பேசுகிறது, அதற்கு மேல் தெரிகிறதெல்லாம் காலிக் கட்டத்தை நிரப்பிய பூஜ்யம், தண்ணீர் இல்லை என்று உடைத்துச் சொன்னாள். யார் நிரப்பச் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. எப்போதிலிருந்து தனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்து, மடிக்கணினியைப் பெட்டியோடு சொருகி, பழைய அட்டவணையை ஏற்றி, சோதனைக்கென்று ஒரு கூடுதல் பொட்டலமும் அனுப்பினாள். கால்மணி கழித்துத் திரையில் ‘வரல’ என்று ஒன்று விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், தண்ணீரே வந்துவிட்டதுபோலக் கை தட்டினார்கள். காமிரா திரும்பியதும் ஐயாவு அதைத் ‘தொழில்நுட்பக் கோளாறு, உடனடியாகச் சரிசெய்யப்பட்டது’ என்று சுருக்கினார். அந்தக் கலையில் அவர் செம்மொழிக்கு ஒன்றும் குறைந்தவர் இல்லை. ஜீப்பைச் சுற்றி ஆட்கள் நின்றதால் லஸ்கருக்கும் அங்கிருந்தே போன் போட்டு ஷட்டரைத் தூக்கச் சொன்னார்.

நௌஷாத் அந்த வாரமே, கண் கலங்கி, இனி வர வேண்டாம் மேடம் என்று சொன்னார். அவள் அதை எதிர்பார்த்திருந்தாள்.

தண்ணீர் வந்தபோது செம்மொழி புங்கங்குடியில்தான் இருந்தாள். நுரையும் சருகுமாக, சின்னச் சத்தத்தோடு வந்தது. பள்ளத்து வயல்காரர்களுக்குப் பாதிக்குப் பாதி பிழைத்தது. தங்கையனின் மேட்டுத் துண்டில் பயிர் அடியோடு கருகி, தொட்டால் பொடியாகிற பதத்தில் இருந்தது. செழியன் வரப்பை வெட்டித் தண்ணீரை உள்ளே விட்டான். எதற்கு விடுகிறோம் என்று அவனுக்கே தெரியாது. வந்த தண்ணீரை விடாமல் இருக்க முடியாது, அவ்வளவுதான். கருகிய தாள் மேலே மிதந்தது.

செம்மொழி பக்கத்தில் நின்றாள். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குறி எவ்வளவு நீளம், பொட்டலம் எவ்வளவு சின்னது, அழைப்பிதழ் மாதிரி பார்த்த இயக்குநர், விழா, கம்பெனியில் ஆறு பேர் என்று, வாழ்நாளில் அவனிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்டான்.

“நான் போன் பண்ணுனப்பவே உனக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும்டா.”

தண்ணீர் வரப்போரமாகப் போய்க்கொண்டிருந்தது. செழியன் மண்வெட்டியால் உடைப்பை இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டினான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பாள்.

“அப்பாகிட்ட சொல்லிராத” என்றான். “மிஷின்ல கோளாறு, எம் பொண்ணு வந்துதான் சரி பண்ணுச்சு, அதனாலதான் தண்ணி வந்துச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு.”

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் டீக்கடை. தங்கையன் பெஞ்சிலிருந்து எழுந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். அங்கே இருந்த நான்கைந்து பேர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள், கடைக்காரர் கேட்காமலே டீ போட்டார். செம்மொழி உட்கார்ந்து அந்த டீயைக் குடித்தாள்.